தாமதத்திற்குக் கணக்கு: ‘ஃபோர்த்வித்’ என்னும் சட்டச் சொல்

இந்தியச் சட்டங்களில் ‘ஃபோர்த்வித்’ (உடனடியாக) என்னும் ஆங்கில வினையடை வருமிடமெல்லாம், எத்தனை மணி நேரத்துக்குள் என்ற கேள்வி எழுகிறது. என் கருத்தில் அந்தக் கேள்வி பொருந்தாதது. இச்சொல் காலத்தை அளப்பதில்லை. தாமதித்தவர் காரணம் காட்ட வேண்டும் என்ற கடமையைச் சுமத்துகிறது.

விரைவைக் குறிக்கும் ஆங்கில வினையடைகள் தேய்ந்துகொண்டே வந்திருக்கின்றன. ‘சூன்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘அக்கணமே’ என்று பொருள். ‘அனான்’, ‘பிரசன்ட்லி’ ஆகியவையும் அப்படியே தொடங்கி, ‘சற்றுப் பொறுத்து’ என்று தளர்ந்தன. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ஏரோதியாளின் மகள் யோவானின் தலையை ‘பை அண்ட் பை’ தரும்படி கேட்கிறாள். அவள் கேட்டது அப்போதே; இன்றைய வாசகர் காதில் அத்தொடர் ‘போகப்போக’ என்றே விழும். உடனே செய்வதாகச் சொல்லிவிட்டுத் தாமதிக்கும் மனித வழக்கம் சொல்லின் பொருளையே இழுத்துச் சென்றுவிட்டது. இந்த இனத்துச் சொல்லை நம்பி ஒருவரின் விடுதலையை விட முடியுமா?

1956-இல் உச்ச நீதிமன்றம் இதை எதிர்கொண்டது. கேசவ் நீல்கண்ட் ஜோக்லேகர் வழக்கில், பம்பாய்க் காவல் ஆணையர் ஜனவரி 13 அன்று அவர்மீது தடுப்புக் காவல் ஆணை பிறப்பித்து, 21 அன்றுதான் மாநில அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1950-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின் 3(3) பிரிவோ ‘ஃபோர்த்வித்’ அனுப்பச் சொன்னது. நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் நாள்களை எண்ணி முடிவு சொல்லவில்லை. தவிர்க்கக்கூடிய தாமதம் நேர்ந்ததா என்று பார்த்தார். நகரில் கலவரம் மூண்டிருந்த நிலையில் அத்தாமதத்தை ஏற்றார். அந்த முடிவு எனக்கு உறுத்துகிறது: ஒருவர் சிறையில் இருக்கையில் அரசின் நெருக்கடி அவருக்கு எதிராகவே கணக்கிடப்பட்டது. ஆனால் நீதிபதி வகுத்த அளவுகோல் சரியானது.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஷென்டோ வர்கீஸ் வழக்கிலும் அதே நோக்கு தொடர்ந்தது. சொத்தைக் கைப்பற்றியதை நடுவருக்குத் தெரிவிக்கத் தாமதித்ததால் மட்டுமே கைப்பற்றல் செல்லாததாகிவிடாது. ஆனால் தாமதத்துக்கு விளக்கம் வேண்டும், விளக்கம் தேறாவிட்டால் துறை நடவடிக்கை உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

உயிருள்ள மனிதர் காவலில் இருக்கையில் இந்த நெகிழ்ச்சி போதாது என்பதை அரசியலமைப்பை இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர். கைதானவரை நடுவர்முன் நிறுத்த 22(2) உறுப்பு வினையடை எதையும் நம்பவில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம் என எண்ணால் வரம்பு கட்டியது. தடுப்புக் காவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஜோக்லேகர் போன்றோருக்கு மிஞ்சியது வினையடைதான்.

2023-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், கைப்பற்றலை நடுவருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 106(3) பிரிவிலும் ‘ஃபோர்த்வித்’ நீடிக்கிறது. அதற்கு உண்மையான வலு வேண்டுமானால், தாமதத்தின் காரணம் அது நேரும் நாளிலேயே நாட்குறிப்பில் ஏற வேண்டும். வழக்குத் தொடுத்தபின் பிரமாணப் பத்திரத்தில் புதிதாகத் தோன்றும் காரணத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது.