புழல் ஏரியில் இறங்கிய விமானம்

எங்கள் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீக்கடை வாசலில் நாங்கள் நான்கைந்து பேர் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருத்தன் பழைய போர் விமானத்தின் படத்தை மொபைலில் காட்டுவான். முழுசாகக் காட்ட மாட்டான். வால் மட்டும், இல்லையென்றால் இறக்கையின் நுனி மட்டும். அது என்ன விமானம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். தோற்றவன் டீக்குக் காசு தர வேண்டும்.

நான் அதிகம் காசு கொடுத்ததில்லை. ஆவடியில் வளர்ந்தவன். அரக்கோணம் கடற்படைத் தளத்தின் டியூ-142 எப்போதாவது எங்கள் பக்கம் பறந்தால், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். அந்த உறுமல் வேறு எதற்கும் கிடையாது. 2017இல் அவை ஓய்வுபெற்றபோது, தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போனதுபோல இருந்தது.

இந்த விளையாட்டு முதலில் விளையாட்டாக இருக்கவில்லை. 1939 செப்டம்பர் 6, போர் தொடங்கி மூன்றே நாள். இங்கிலாந்தில், எதிரி வருகிறான் என்ற தவறான எச்சரிக்கையை நம்பிக் கிளம்பிய பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள், தங்கள் சொந்த ஹரிக்கேன்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி செத்துப்போனான். அதன்பின் விமானத்தை அடையாளம் காண்பது ஒரு படிப்பாகவே ஆனது. கறுப்பு நிழலுருவம் அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் வந்தன. 1941இல் 'ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' என்று தனிப் பத்திரிகையே வந்தது. பள்ளிப் பையன்கள் கிளப் வைத்துப் படித்தார்கள். இறக்கை, இன்ஜின், உடல், வால் என்ற வரிசையில் பார் என்பது அமெரிக்கப் பாடம். டீக்கடை வாசலில் நாங்கள் செய்வதும் அதேதான். என்ன, எங்களுக்குத் தப்பினால் பன்னிரண்டு ரூபாய். அவர்களுக்குத் தப்பினால் உயிர்.

போன வருஷம் நண்பன் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காட்டினான். அன்றைக்கு அதிசயமாக முழுப் படம். நீர்மேல் மிதக்கும் விமானம். உடலுக்கு மேலே ஒரு தூண், அதன்மேல் கூரை மாதிரி இறக்கை, அதில் இரண்டு இன்ஜின்கள். பின்பக்கம் இருபுறமும் கண்ணாடிக் கொப்புளங்கள்.

"கேட்டலினா," என்றேன். இரண்டு செகண்டுகூட ஆகவில்லை.

"அது சின்னப் பையன்கூடச் சொல்வான். எந்த ஏரின்னு சொல்லு மச்சி."

ஸ்காட்லாந்து என்றேன். கனடா என்றேன். அவன் கையை நீட்டினான். எங்கள் ஆபீஸிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திசை. புழல்.

செங்குன்றம் ஏரி என்றும் சொல்வோமே, அதே ஏரி. 3,300 மில்லியன் கனஅடி கொள்ளளவு. என் வயது முழுக்க நான் குடித்த தண்ணீர்.

1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கைக்குத் தெற்கே ரோந்து போன ஒரு கேட்டலினாதான் ஜப்பானியக் கடற்படை வருவதை முதலில் பார்த்தது. கனடாக்காரரான லெனார்ட் பர்ச்சால் அதன் தலைவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் வீழ்த்தப்பட்டது. பிழைத்தவர்கள் போர்க்கைதிகள் ஆனார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, அதற்கு மறுநாள் விசாகப்பட்டினத்தில். சென்னையில் பாதி ஊர் காலியானது. வங்கக் கடலைக் கண்காணிக்க, கடலுக்கு வெகுதூரம் போய் இருபது மணிநேரம் போல வானிலேயே இருக்கக்கூடிய விமானங்கள் வேண்டும். கேட்டலினாவால் அது முடியும். ஆனால் அலை அடிக்கும் சென்னைக் கரையில் அதை நிறுத்த முடியாது. அமைதியான, நீளமான நீர்ப்பரப்பு வேண்டும். உப்புத் தண்ணீராக இல்லாவிட்டால் உலோகத்துக்கும் நல்லது. ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று 1876இலேயே நகரத்தின் குடிநீருக்காகக் கட்டித் தயாராக இருந்தது.

1942இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆவது ஸ்குவாட்ரன் அங்கே வந்தது. பின்னால் 191ஆவதும் சேர்ந்துகொண்டது. நீர்மூழ்கிகளைத் தேடுவது, கப்பல்களுக்குத் துணை போவது, கடலில் விழுந்தவர்களை மீட்பது எல்லாம் அவற்றின் வேலை. ஜப்பானியர் வசமிருந்த கரைகளில் இரவில் உளவாளிகளை இறக்கிவிடும் ரகசியப் பயணங்களும் இங்கிருந்து போயின. போர் முடிந்த சில மாதங்களில் எல்லோரும் போய்விட்டார்கள்.

பக்கத்திலேயே சோழவரத்தில் அதே போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று இருந்தது. தார் இருந்ததால் பிறகு அதில் கார் ரேஸ் ஓட்டினார்கள். இன்றைக்கும் சோழவரம் என்றால் அப்பா தலைமுறைக்கு ரேஸ்தான் ஞாபகம் வரும். தரையில் ஓடுபாதை போட்டால் தடம் மிஞ்சும். தண்ணீரில் ஓடிய விமானத்துக்கு என்ன மிஞ்சும்? பார்த்தவர்கள்தான்.

பார்த்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அதை அன்றைக்கு டீக்கடை வாசலில்தான் உணர்ந்தேன். என் ஆயா பிறந்தது ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில். நான் நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, என் விமானப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பாவாட கட்டின வயசுல ஏரியிலயே ஏரோப்ளேன் வந்து எறங்கும்டா. வாத்து மாதிரி ஒக்காந்திருக்கும். கிட்டப் போனா வெள்ளக்காரன் வெரட்டுவான்."

"ஏரோப்ளேன் தண்ணில முழுகிடும் ஆயா. சும்மா கத உடாத," என்றேன். அவர் சிரித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

எத்தனை நின்றன, இரவில் விளக்கு எரியுமா, கிராமத்து ஆட்கள் யாராவது அங்கே வேலை செய்தார்களா, சத்தம் எப்படி இருக்கும்? நான் கேட்டிருக்கலாம். கேட்டலினாவின் இறக்கை 104 அடி என்று எனக்குத் தெரியும். அதை நேரில் பார்த்த ஒரே ஆளை நான் நம்பவில்லை.

இப்போது எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறோம். பெயரைச் சொன்னால் அரை டீ. எங்கே நின்றது, என்ன செய்தது என்று சொன்னால்தான் முழு டீ. இந்த விதியில் நான் அடிக்கடி தோற்கிறேன்.

உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தாண்டியவர் யாராவது இருந்தால், போனை ஓரமாக வைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். அவர் சொல்வது கதை மாதிரி இருந்தாலும் குறுக்கே பேசாதீர்கள்.