கூட்டுச் சுரங்களைக் கற்ற வழிகள்

கருநாடக இசையிற் பழகிய செவிக்கு இராகம் ஒற்றை ஆறுபோல ஓடுவது. ஒரு சுரத்தின் பின் மற்றொரு சுரம் வரும்; கமகம் அதற்கு உயிரூட்டும்; தம்புரா அடியில் நின்று சுருதியைத் தாங்கும். மேனாட்டிசையோ பல சுரங்களை ஒரே காலத்தில் ஒலிப்பித்து அச்சேர்க்கையிற் சுவை காண்பது. சங்கராபரணத்தின் ச, க, ப என்னும் மூன்றையும் பியானோவில் ஒருங்கே அழுத்தினாற் பிறப்பது அவ்விசையின் அடிப்படைக் கூட்டுச் சுரம். 'கோட்' என்று பலரும் வழங்குவது இதுவே. இவற்றோடு காகலி நிஷாதத்தைச் சேர்த்தால் ஒலி கனியும். அதன்மேல் மேல்ஸ்தாயி ரிஷபத்தையும் வைத்தால் இன்னும் விரியும். இத்தகைய செறிந்த கூட்டுகளை இன்று ஒருவர் தம் வீட்டிலிருந்தவாறே இணையவழிக் கற்கைநெறியொன்றின் வாயிலாகப் பயிலலாம். முற்காலத்தில் இக்கல்வி யாருக்குக் கிட்டியது, எவ்வழியாற் கிட்டியது என்பது அறியத்தக்க வரலாறாகும்.

பியானோ பிறந்தது இத்தாலியின் புளோரன்சு நகரில். மெடிச்சிக் குலத்து இளவரசர் பெர்டினாண்டோவின் பணியிலிருந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்னும் கருவி வினைஞர் 1700ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினார். அதற்கு முன்னிருந்த ஹாப்சிகோட் என்னும் கருவியில் தந்திகள் மீட்டப்பட்டன. விரலை எவ்வளவு அழுத்தினும் ஒலி பெரிதும் மாறாது. கிறிஸ்தோபோரியின் கருவியிலோ சிறு சுத்தியல்கள் தந்தியைத் தட்டின. மெல்லத் தொட்டால் மென்மையும் வலிந்து தொட்டால் வன்மையும் பிறந்தன. ஆகவே கூட்டிலுள்ள ஒரு சுரத்தை ஓங்கச் செய்து ஏனையவற்றை அடக்கி ஒலிப்பித்தலும் இயல்வதாயிற்று.

அக்காலத்திற் கூட்டுச் சுரக் கல்வி சிறந்தோங்கிய இடம் நேப்பிள்ஸ் நகரம். அங்கே பதினாறாம் நூற்றாண்டில் நான்கு காப்பகங்கள் எழுந்தன. ஆதரவற்ற சிறுவரைக் காத்தலே அவற்றின் நோக்கம். இசைக் கல்லூரியைக் குறிக்க மேனாட்டார் வழங்கும் 'கன்சர்வேற்றரி' என்னும் சொல்லும் காத்தல் என்னும் பொருளினின்று வந்ததே. அச்சிறுவர் இசை பயின்று தேவாலயங்களிலும் அரங்குகளிலும் பிழைப்புத் தேடினர். ஆசிரியர் கீழ்ச்சுர வரிசை ஒன்றை மட்டும் எழுதிக் கொடுப்பார். அதன்மேல் எக்கூட்டு நிற்றல் வேண்டும் என்பதை மாணவன் விசைப்பலகையில் தன் கையாலேயே நிரப்புதல் வேண்டும். 'பார்திமெந்தோ' எனப்பட்ட இப்பயிற்சியில் நூல் விளக்கம் மிகக் குறைவு. ஆசிரியரின் வாய்ச்சொல்லும் மாணவனின் விரலுமே ஏடாயின. பிரான்செஸ்கோ துராந்தேயும் அவர் மாணவர் பெடேலே பெனரோலியும் இம்முறையிற் புகழ்பெற்ற ஆசிரியர்கள். உற்றார் அற்ற பிள்ளை ஒருவன், பிரபுக்களின் மக்கள் பொருள் கொடுத்துப் பெறும் கல்வியைக் காப்பகத்திற் பெற்றான் என்பது சிறிய செய்தியன்று.

1722இல் பாரிசில் ஷான் பிலிப் ராமோ கூட்டொலியைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ச-க-ப, க-ப-ச, ப-ச-க என எவ்வாறு அடுக்கினும் அவை ஒரே வேரினின்று கிளைத்த ஒரே கூட்டே என்பது அந்நூலின் சிறந்த கருத்துகளுள் ஒன்று. தனித்தனியே மனனஞ் செய்யப்பட்ட எண்ணிறந்த அடுக்குகள் இதனாற் சில வேர்களுள் அடங்கின. ஆசிரியரின் மனத்தில் இருந்த அறிவு ஏட்டில் ஏறியது. ஏட்டை வாங்கியவர் எவரும் அதனைப் படிக்கலாயினர். எனினும் படித்த அளவில் விரல் நடவாது என்பதையும் அவர்கள் விரைவிற் கண்டனர்.

செறிந்த கூட்டுகளின் சுவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிகுந்தது. 1889இற் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியிலே ஜாவாத்தீவின் கமலான் இசையைக் கேட்ட கிளோட் டெபுசி, பழைய விதிகளின்படி ஒரு கூட்டு மற்றொன்றில் முடிந்தே தீரல் வேண்டும் என்பதை மேற்கொள்ளாது, ஒலியின் நிறத்துக்காகவே கூட்டுகளை அமைத்தார். அந்நிறங்களை அமெரிக்காவின் ஜாஸ் கலைஞரும் தமதாக்கினர். 1909இல் ஒகாயோ மாநிலத்து டொலிடோ நகரிற் பிறந்த ஆர்ட் டேட்டம் பெரும்பாலும் பார்வை இழந்தவர். அவர் சிலகாலம் முறையாகவும் பயின்றார். ஆயினும் துளையிட்ட தாட்சுருளால் தானே இயங்கும் பியானோவின் விசைகள் தாழும்போது அவற்றின்மேல் விரல் வைத்தும், இசைத்தட்டுகளைக் கேட்டும் கற்றார் என்பர். ஏட்டைக் காணாத கண்ணுக்கு இயந்திரமும் ஆசிரியனாயிற்று.

1959இல் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற இசைத்தட்டில் வாசித்த பில் எவன்ஸ் வேறொரு நுட்பத்தாற் பெயர் பெற்றவர். அவர் இடக்கை பல வேளைகளிற் கூட்டின் வேராகிய சட்ஜத்தைத் தொடாது, க, ப, நி, ரி என மேலுள்ள சுரங்களையே பற்றும். வேரை உடன் வாசிக்கும் பெருந்தந்திக் கலைஞர் தருவார். தம்புரா சட்ஜத்தைத் தாங்க, பாடகர் அதனை விட்டுப் பிற சுரங்களிற் சஞ்சரிப்பதை அறிந்த நேயர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

ஆசிரியர் அருகில் இல்லாதார்க்குக் கல்வியைக் கொண்டு செல்லும் முயற்சியும் உடன் வளர்ந்தது. அமெரிக்காவில் தபால்மூலப் பியானோப் பாடங்கள் நடந்தன. பியானோ முன் அமர்ந்தவனைக் கண்டு நண்பர் நகைத்தனர் என்றும், அவன் வாசிக்கத் தொடங்கியதும் வியந்தனர் என்றும் கதை சொன்ன விளம்பரம் 1920களிற் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் தபாலில் வந்த பாடம் மாணவனின் பிழையைக் கேட்கமாட்டாது. 1945இற் போஸ்ரன் நகரில் லோறன்ஸ் பேர்க் தொடங்கிய பள்ளி, பின்னர் பேர்க்லி எனப் பெயர்பெற்று, ஜாஸ் இசையை முறைப்படி கற்பித்தது. 2000களின் தொடக்கத்தில் அக்கல்லூரியே இணையத்திலும் பாடங்களை வழங்கலாயிற்று. 2020இற் பெருந்தொற்றாற் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் இசையாசிரியர் பலர் திரையையே வகுப்பறையாக்கினர்.

இணையவழிப் பாடத்தில் ஆசிரியரின் கைகளை மேலிருந்து காணலாம், வேகத்தைக் குறைக்கலாம், ஒரே கூட்டை நூறுமுறை கேட்கலாம். நேப்பிள்ஸின் ஆசிரியர் எவரும் இத்துணைப் பொறுமை காட்டியிரார். ஆயினும் விரல் வைக்கும் வடிவத்தை மட்டும் பார்த்துப் பழகுவோர், அடுத்த பாட்டில் அக்கூட்டு வேறு சுருதியில் வரும்போது திகைத்து நிற்பர். நிஷாதம் சேர்ந்ததால் ஒலி எவ்வாறு மாறிற்று என்பதைப் பாடிப் பார்த்து, கேட்டு, பின்னரே விசையைத் தொடுபவர்க்கு அவ்விடர் இல்லை. பில் எவன்ஸின் விரலுக்கும் துராந்தேயின் மாணவர் விரலுக்கும் வழிகாட்டியது செவியே.

இன்னொரு செய்தியும் உண்டு. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அந்நேப்பிள்ஸ் பயிற்சிகளை அமெரிக்க அறிஞர் றொபேட் ஜெர்டிங்கன் திரட்டி, எவரும் விலையின்றிப் பயிலுமாறு இணையத்தில் வைத்தார். ஆதரவற்ற சிறுவர்க்கென ஆசிரியர் எழுதிக் கொடுத்த கீழ்ச்சுர வரிசைகள் இன்று எந்நாட்டுச் சிறுவர்க்கும் எட்டுவனவாயின. அவற்றின் மேற்பகுதி அன்று போலவே இன்றும் வெறுமையாக உள்ளது. அதனை நிரப்புதல் கற்பவன் கடன்.