மூடின சுரங்கமும் பி.எஃப். பணமும்

எங்கள் பங்காருபேட்டையை வெள்ளைக்காரன் பவுரிங்பேட்டை என்று எழுதினான். அங்கிருந்து மாரிகுப்பம் போகும் கிளை ரயில்தான் தங்கவயலுக்கு வழி. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள்தான் குழியில் இறங்கினார்கள். (சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்!) 1956-இல் மைசூர் அரசு, 1962-இல் மத்திய அரசு, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று முதலாளி மாறிக்கொண்டே வந்து, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு எல்லாம் மூடியாயிற்று.

தங்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பேங்க் ஆளான எனக்குக் கண்ணில் படுவது பி.எஃப்.தான்.

சுரங்கம் மூடினபோது கைக்கு வந்த பணத்தில் வட்டிக்கடைக்குப் போனது எவ்வளவு என்று கணக்கு வைத்தவர் யாருமில்லை. ஆனால் வருமான வரிக்காரர் அதில் கை வைக்க முடியாது. அப்போதிருந்த 1961 சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி, தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்தவருக்கு பி.எஃப். பணத்தில் வரி கிடையாது. ஐந்து வருஷம் ஆகாவிட்டாலும், உடம்பு முடியாமலோ கம்பெனி மூடியோ வேலை போனால் வரி இல்லை. அப்பாக்களின் பணம் தப்பித்தது இப்படித்தான்.

மாட்டிக்கொண்டவர்கள் பிள்ளைகள். விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம், இன்னொன்றில் ஒன்றரை வருஷம். கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை எடுத்துக் கடனை அடைப்பது வழக்கம். தானாக விட்ட வேலை, ஐந்து வருஷமும் இல்லை. அப்போது முதலாளி போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகிவிடும். தன் பங்குக்கு வந்த வட்டிக்கும் வரி. முன்பு வாங்கின வரிச்சலுகையும் திரும்பப் போகும். 2015 ஜூனிலிருந்து பிடித்தமே 10 சதவீதம் (2016-இலிருந்து 50,000 ரூபாய்க்குக் கீழே இல்லை). வரி வரம்புக்குள் வராத பையன்கூட, பிடித்ததைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும். எத்தனை பேர் போட்டிருப்பார்கள்?

"எடுத்ததே தப்பு" என்று நான் சொல்லமாட்டேன். மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். பி.எஃப். கொடுத்தது 2001-02-இல் 9.5, 2005-06-இல் 8.5. வரி போனாலும் கடனை அடைப்பதே லாபம். நம்மில் பலர் இருக்கும் அமெரிக்காவில் 401(கே) பணத்தை 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு பொதுவாக 10 சதவீதம் தண்டமும் உண்டு. கிரெடிட் கார்டு வட்டியோடு வைத்துப் பார்த்தால் இங்கேயும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். கடன் இல்லாத பையனும் எடுத்தான். பழைய கணக்கைப் புது கம்பெனிக்கு மாற்றியிருந்தால் இரண்டு இடத்து வருஷங்களும் சேர்ந்து கணக்கில் வந்திருக்கும், ஐந்து ஆனபின் எடுத்தால் வரியும் இல்லை. அதற்கு 13-ஆம் நம்பர் படிவம் அப்போதே இருந்தது. ஆனால் இரண்டு கம்பெனி கணக்கையும் ஒரே எண்ணில் கோர்க்கும் யு.ஏ.என். வந்தது 2014-இல்.