கொடும்பாளூர்ப் பெருவழியும் வளிநோய் மருத்துவமும்

முன்னுரை

அரசர் செய்த போர்களையும் எடுத்த கோயில்களையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அப்போர்களுக்கு நடந்த கால்களும், அக்கோயில்களுக்குக் கல் சுமந்த தோள்களும் பின்னாளில் என்னவாயின என்பதை அவை மிகுதியாகக் கூறுவதில்லை. மூட்டுகளையும் என்புகளையும் பற்றும் நோய்கள் உயிரை உடனே கவர்வன அல்ல. அம்மையும் பேதியும் போல ஊரை ஒருங்கே அழிப்பனவும் அல்ல. ஆதலின் அவற்றின் வரலாறு தனியே எழுதப்பெறாது நின்றது. எனினும், நம் மொழியின் சொற்களையும், நூல்களையும், கல்வெட்டுகளையும் ஒருசேர வைத்து ஆராய்வார்க்கு இந்நோய்களைத் தமிழர் எவ்வாறு எண்ணினர், எவ்வாறு பேணினர் என்பது புலனாகும். அதனைக் கொடும்பாளூரைத் தொடக்கமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடும்பாளூர்: வழியும் அறமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியின் அருகே விராலிமலையை அடுத்து அமைந்துள்ளது கொடும்பாளூர். சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழியை உரைக்கும்போது இவ்வூரைக் கொடும்பை எனச் சுட்டுகின்றான். இவ்விடத்தைக் கடந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்பது அவன் கூற்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காலால் நடந்தே மதுரையை அடைந்தனர். வணிகரும், துறவியரும், படைஞரும் பல நூற்றாண்டுகளாக நடந்து பயின்ற வழி இஃது என்பதை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு இருக்குவேளிர் ஆண்டனர். சோழரோடு மணவுறவும் போருறவும் பூண்ட குடியினர் இவர். கொடும்பாளூர் வேளின் மகளான பூதி ஆதித்தபிடாரியார் முதற் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியை மணந்தவர். திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவரும் இவரே. ஈழப் போரில் உயிர்நீத்த கொடும்பாளூர் வேளிர் ஒருவரை ஈழத்துப்பட்ட பராந்தகன் சிறியவேளார் எனக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர் கோயிலில் தன் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று திருமுன்கள் அமைந்தன. அவற்றுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, மதுரையைச் சார்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு அவன் பெரியதொரு மடத்தை அளித்ததையும், 50 துறவியர் நாளும் உண்ணும்பொருட்டு 11 ஊர்களை வழங்கியதையும் கூறுகின்றது. அவனது காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரே பலர். இக்குடியில் தோன்றிய இடங்கழி நாயனார், அடியவர் பொருட்டு நெல் கவர்ந்தவனை ஒறுக்காது, தம் நெற்பண்டாரத்தையே திறந்துவிட்ட செய்தியைப் பெரியபுராணம் உரைக்கின்றது.

இவ்வூரை அடுத்த சித்தன்னவாசல் முதலிய குன்றுகளில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. சமணர் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கினையும் நால்வகைக் கொடையாகக் கொண்டனர். மருந்து ஈதலும் அறமே என்னும் கொள்கை இந்நிலத்திற்குப் புதியதன்று என்பது இதனால் அறியப்படும்.

மேற்கூறிய மடக்கொடையில் ஒரு கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. ஒருநாள் உணவு அளித்தல் ஈகை. ஆண்டுதோறும் விளையும் ஊரையே அளித்து, உணவு என்றும் நிற்குமாறு செய்தல் அமைப்பு. நீண்ட நோய்க்கு வேண்டுவது இவ்விரண்டனுள் பின்னதே.

நோயின் பெயர்கள்

என்புகள் கூடும் இடத்தைத் தமிழ் பல சொற்களாற் குறிக்கின்றது. இணைத்தல் என்னும் பொருள்தரும் மூட்டுதல் என்னும் வினையோடு தொடர்புடையது மூட்டு. கதவைத் தாங்கி அசைவிக்கும் கீல் என்னும் சொல் உடலின் மூட்டுக்கும் வழங்கும். பொருத்து, சந்து, கணு என்பனவும் உள. கீலில் வளி நின்று நோய் செய்தலின் கீல்வாயு எனப்பட்டது. மடங்கி நிமிராமை பற்றி முடக்குவாதம் எனப்பட்டது.

வளி முதலாகிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் செய்யும் எனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறுகின்றார். இம்மரபையொட்டியே யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாதநோய்களை 80 எனப் பகுக்கின்றது. வடமொழி மருத்துவ நூலார் வீங்கிச் சிவந்த முழங்காலை நரித்தலை என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். வீங்கிய மூட்டின் மேலும் கீழும் தசை மெலிந்திருத்தலை உற்று நோக்கியவரே இப்பெயரை இட்டிருத்தல் கூடும்.

பிறநாட்டாரும் இவ்வாறே எண்ணினர். மேலைநாட்டில் வழங்கும் ருமாட்டிசம் என்னும் பெயர் ஒழுக்கு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. உடலில் ஒழுகும் நீர்மம் மூட்டிற் சென்று தங்குதலால் நோய் தோன்றும் என அவர் கருதினர். நாம் வளி என்றோம். அவர் ஒழுக்கு என்றனர். ஓரிடத்து நில்லாது மூட்டுக்கு மூட்டு மாறும் வலியின் இயல்பே இருசாரார்க்கும் அக்கருத்தைத் தந்தது போலும். 1952-53ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்கத் தங்கனீக்காவிற் பரவிய காய்ச்சலுக்கு அந்நாட்டு மக்கொண்டே மொழியினர் சிக்குன்குனியா என்று பெயரிட்டனர். வளைந்து முடங்குதல் என்பது அதன் பொருள். 2006இல் அக்காய்ச்சல் தமிழகத்திற் பரவியபோது, காய்ச்சல் நீங்கிய பின்னரும் திங்கட் கணக்கில் மூட்டுவலியால் வருந்தினோர் பலர். முடக்கம் என்னும் ஒரே பண்பை இரு மொழியினரும் பெயராக்கியமை கருதத்தக்கது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடும் உண்டு. வாதம் என்னும் ஒரு சொல்லே பக்கவாதம், இளம்பிள்ளைவாதம் ஆகிய நரம்பு சார்ந்த நோய்களுக்கும், முடக்குவாதம் ஆகிய மூட்டுநோய்க்கும் பொதுவாக நின்றது. நூலோர் 80 எனப் பகுத்ததை உலக வழக்கு ஒன்றாக்கிற்று. அதன் பயனாக, எல்லாம் வாதம், எல்லாம் முதுமை என்று வாளாவிருக்கும் வழக்கம் நாட்டில் வேரூன்றியது.

முடம் என்னும் அடைபெற்ற புலவர்

சங்கப் புலவருள் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார், ஐயூர் முடவனார் ஆகியோர் முடம் என்னும் சொல்லைத் தம் பெயரோடு உடையவர். பிறவியாலோ, புண்ணாலோ, மூட்டுநோயாலோ அப்பெயர் வரலாம். காரணம் எதுவாயினும், நடக்க இயலாமை அவரைப் புலவர் அவையினின்று விலக்கவில்லை என்பது தெளிவு. ஐயூர் முடவனார் புறநானூற்று 399ஆம் பாட்டில் தாமான் தோன்றிக்கோனிடம் பகடு வேண்டுகின்றார். பொன்னும் யானையும் வேண்டும் பரிசிலர் நடுவே, வண்டி ஈர்க்கும் எருதை வேண்டிய இப்புலவரின் தேவை தனித்து நிற்கின்றது. நடக்க இயலாதார்க்கு ஊர்தியும் மருந்தோடு ஒப்ப இன்றியமையாதது என்பதை இப்பாட்டு உணர்த்தும்.

திருமுக்கூடல் ஆதுலசாலை

சோழர் காலத்தில் மருத்துவச்சாலை ஆதுலசாலை எனப்பட்டது. குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு நிலம் அளித்தார். இத்தகைய சாலைகளின் உள்ளமைப்பை மிக விரிவாகக் காட்டுவது காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கல்வெட்டு. வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டிற்கு, அஃதாவது கி.பி. 1067-68க்கு உரிய இதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தார்.

அங்கிருந்த வீரசோழன் ஆதுலசாலையில் 15 நோயாளர் தங்க இடமிருந்தது. மருத்துவன் ஒருவன், அறுவை செய்யும் சல்லியக்கிரியை பண்ணுவான் ஒருவன், மருந்து கொணர்ந்து அடுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன் என ஏவலர் வகுக்கப்பட்டனர். மருத்துவனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் குறிக்கப்பட்டன. அறுவை செய்வானுக்கு 30 கலம் நெல். நோயாளர்க்கு நாளும் அரிசியும், இரவு எரியும் விளக்கிற்கு எண்ணெயும் ஒதுக்கப்பட்டன.

ஓராண்டிற்கென இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதன் பெயர்களும் அக்கல்வெட்டில் உள்ளன. அவற்றுள் பலாகேரண்ட தைலம், லசுனாக்யேரண்ட தைலம் என்னும் இரண்டும் நம் ஆய்வுக்கு உரியன. பலா என்பது சிற்றாமுட்டி. ஏரண்டம் என்பது ஆமணக்கு. லசுனம் என்பது வெள்ளைப்பூண்டு. இம்மூன்றனையும் வளியைத் தணிப்பன என்றே மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மூட்டுவலிக்குச் சிற்றாமுட்டித் தைலம் பூசுதல் சித்த மருத்துவத்தில் இன்றும் வழக்கில் உள்ளது. தசமூல அரீதகி என்னும் மருந்தும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றது. பத்து வேர்களின் தொகுதியாகிய தசமூலமும் வளிநோய்க்கு உரியதே. ஆகவே, பதினோராம் நூற்றாண்டில் வளிநோயர்க்கென மருந்து ஆண்டுதோறும் காய்ச்சி வைக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவான் என நான்கு உறுப்புடையது மருத்துவம் என்பது வள்ளுவர் வகுப்பு. திருமுக்கூடல் கல்வெட்டில் இந்நான்கும் நெல்லளவோடு காணப்படுகின்றன. கொடும்பாளூர் மடத்தில் உறையுளும் உணவும் நிலைபெற்றன. ஒரு நூற்றாண்டளவில் திருமுக்கூடலில் அவற்றோடு மருந்தும் பேணுநரும் சேர்ந்தனர். இரண்டையும் தாங்கியது நிலவிளைவே. கொடும்பாளூருக்கு அணித்தாகிய திருவரங்கக் கோயிலிலும் ஆரோக்கியசாலை இருந்தது; கருடவாகன பட்டர் அதனைப் புதுக்கியதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கின்றது.

உழிஞையும் காந்தளும்

இலக்கியம் பயில்வார் போர்ப்பூவாக அறிந்த உழிஞையைத் தாவர நூலார் சிலர் முடக்கொற்றான் கொடியெனக் கொள்வர். முடக்கறுத்தான், முடக்கத்தான் என்றும் அது வழங்கும். முடக்கத்தை அறுப்பது என்னும் காரணப்பெயர் அதன் பயனை உரைக்கின்றது. நாட்டுப்புறத்தார் அதன் இலையை அரைத்து மாவொடு கலந்து தோசையாக வார்த்து உண்பர்.

குறிஞ்சிக்குரிய செங்காந்தளின் செய்தி இன்னும் வியப்பிற்குரியது. மகளிர் விரலுக்கு உவமையாகப் புலவர் பாடிய அப்பூவின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அளவறிந்து தூய்மை செய்யப்பட்ட அந்நஞ்சே, யூரிக் அமிலம் மூட்டிற் படிந்து தோன்றும் கௌட் என்னும் நோயின் வலியைத் தணிக்கும் மருந்தாகும். தமிழகத்தின் மேலை மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் விதைக்காக இது பயிரிடப்படுகின்றது. பச்சைக் கிழங்கை உண்டார் உயிரிழத்தலும் உண்டு. ஆதலின் மருத்துவர் கையிலன்றி இதனைக் கொள்ளலாகாது.

பிற்காலமும் இக்காலமும்

உள்மருந்தோடு புறமருந்தும் தமிழ் மருத்துவத்தில் சிறந்திருந்தது. சித்த நூல்கள் கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம் முதலாகப் புறமருந்துகளை 32 என வகுக்கின்றன. தொக்கணம் என்பது தட்டியும், அழுத்தியும், இழுத்தும், அசைத்தும் மூட்டை இளக்கும் முறை. தஞ்சை இரண்டாம் சரபோசி மன்னர் (1798-1832) தன்வந்திரி மகாலை நிறுவி நாட்டு மருத்துவரையும் மேலை மருத்துவரையும் ஒருங்கு கூட்டினார்.

மேலைநாட்டில் 1859இல் ஆல்பிரட் கேரட் முடக்குவாதத்தைக் கௌட் நோயினின்று பிரித்து இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டார். 1948இல் பிலிப் எஞ்சு கார்ட்டிசோன் என்னும் சுரப்புப்பொருளை அந்நோய்க்கு முதன்முதல் அளித்தார். 1950இல் அவர் கெண்டலோடும் ரெய்க்சுடைனோடும் நோபல் பரிசு பெற்றார். பின்னர் மெத்தோட்ரெக்சேட்டு முதலிய மருந்துகள் வந்து, வலியைத் தணிப்பதோடு நில்லாது மூட்டின் அழிவையும் தடுத்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1970களில் இந்நோய்களுக்கெனத் தனித்துறை தோன்றியது.

இன்றைய அறிவு நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்கியுள்ளது. மூட்டின் குருத்தெலும்பு தேய்தல் பெரும்பாலும் முதுமையில் வருவது. முடக்குவாதமோ உடலின் காப்பாற்றல் தன் மூட்டின் உட்சவ்வையே தாக்குதலால் வருவது, நடுவயதிலும் வரும், ஆடவரினும் மகளிரையே மிகுதியாகப் பற்றும். காலையில் விரல்கள் நெடுநேரம் இறுகி நிற்றலும், இருகைச் சிறுமூட்டுகள் ஒருங்கு வீங்குதலும் அதன் குறிகள். முதற்சில திங்களில் மருத்துவம் தொடங்கின் மூட்டைக் காக்கலாம். காலம் தாழ்த்தின் வளைந்த விரல் பின் நிமிர்தல் அரிது. நாற்று நடும் கையும், பூத்தொடுக்கும் விரலும் முடங்கின் அக்குடும்பத்தின் வருவாயும் முடங்கும். வயதின் குறை என்று இதனைத் தள்ளுதல் யூகி முதலியோர் வகுத்த பகுப்பிற்கும் இக்கால அறிவிற்கும் ஒருங்கே மாறானது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். தமிழர் மூட்டுநோய்களை வகைப்படுத்திப் பெயரிட்டனர். அவற்றுக்குரிய மருந்துகளைச் சோழர்கால ஆதுலசாலை ஆண்டுதோறும் இருப்பில் வைத்தது. நீண்ட நோயைப் பேணுதற்கு ஆண்டுதோறும் வருவாய் தரும் கட்டளையே ஏற்றது என்னும் அமைப்பைக் கொடும்பாளூர் மடக்கொடையும் திருமுக்கூடல் ஆதுலசாலையும் காட்டுகின்றன.

தமிழக அரசு 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், நீண்டநாள் நோயாளரின் இல்லத்திற்கே மருந்து கொண்டு சேர்த்தலும் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றன. வள்ளுவர் நான்காவதாக வைத்த பேணுநரை நோயாளியின் வாயிலுக்கே அனுப்பும் முறை இது. இயன்முறை மருத்துவம் முடங்கிய மூட்டை அசைவித்தற்கு உதவும். ஆயின் முடக்குவாதத்தை முதற்கண்ணே இனங்காணும் பயிற்சி சிற்றூர்ச் செவிலியர்க்கும் சேரும்போதே அதன் பயன் நிறைவுறும். கொடும்பாளூர் போன்ற ஊர்களில் வயல்வேலை செய்யும் பெண்ணொருத்தி, காலையில் விரல் மடங்கவில்லை என்று கூறும் முதல்நாளிலேயே அவளுக்கு மருத்துவம் கிடைத்தல் வேண்டும். பெருங்கட்டளைகளைக் கல்லில் வெட்டிவைத்த நாட்டிற்கு இஃது இயலாத செயலன்று.