தனிப்பனைக் கள்ளும் தனிப் பீப்பாயும்

1984 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து 'பிளாண்டன்ஸ்' என்ற பேர்பன் விஸ்கி சந்தைக்கு வந்தது. பல பீப்பாய்களைக் கலந்து ஒரே சுவைக்குக் கொண்டுவருவதே அந்த வணிகத்தின் வழமை. இதுவோ ஒவ்வொரு போத்தலையும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பியது. உட்புறம் கருக்கிய ஓக் மரமும் களஞ்சியத்தில் அது கிடந்த தளத்தின் வெப்பமும் ஒரு பீப்பாயை மற்றதிலிருந்து வேறாக்கும். அந்த வேறுபாட்டுக்கே சுவைஞர்கள் விலை கொடுக்கிறார்கள். இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. வன்னியின் வடவிளிம்பில் பூநகரி, பளைப் பனங்கூடல்களிலும் யாழ்ப்பாணத்திலும் 'தனிப்பனைக் கள்ளு' என்று கேட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. ஒரு பனையில் இறக்கியதை இன்னொன்றோடு கலக்காத கள்ளு அது. அந்த நுண்சுவையை நாம் மறந்ததற்கு நம் நாக்கு காரணமல்ல, கள்ளை அளவாலும் வரியாலும் மட்டுமே பார்த்த விற்பனை முறையே காரணம்.

பனைக்குப் பனை கள்ளு மாறுவது வெறும் நம்பிக்கையல்ல. ஆண்பனையின் பாளை வேறு, பெண்பனையின் பாளை வேறு. சீவுபவர் காலையும் மாலையும் ஏறி, பாளையை இதமாகத் தட்டி, பாளைக்கத்தியால் மெல்லிய சீவல் எடுக்கிறார். அந்தத் தட்டிலும் சீவலிலும் அவர் கைப்பக்குவம் இருக்கிறது. சொட்டும் நீர் முட்டியில் விழுந்தவுடனேயே, அதில் ஒட்டியிருக்கும் பழைய மதுவம் (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசிய முட்டியானால் புளிக்காத கருப்பநீர், பூசாததானால் கள்ளு. கென்டக்கியில் பீப்பாய் பல ஆண்டுகளில் செய்வதை இங்கே முட்டி ஒரே இரவில் செய்கிறது. பனையோலையைக் கோலி எடுத்த பிளாவை இரு கையாலும் ஏந்தி, நுரையை ஊதி விலக்கி, முதல் மிடறை நாவில் நிறுத்துபவருக்கு இனிப்பு எங்கே முடிந்து புளிப்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்.

இந்த நுட்பத்தைக் கரைத்தது அனுமதிபெற்ற கள்ளுக்கடையான தவறணை. இலங்கையின் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளிறக்குவதையும் விற்பதையும் அனுமதிப்பத்திரத்துக்குள் அடக்கியது. பல மரத்துக் கள்ளு ஒரே பீப்பாயில் ஊற்றப்பட்டு அளந்து விற்கப்படும் இடத்தில் எந்தப் பனை, எவர் சீவியது என்ற கேள்விகளுக்கு இடமில்லை. 1970களில் எழுந்த பனை, தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழிலாளரை மீட்டன. அது பெரிய நீதி. ஆனால் சேர்த்து விற்கும் முறை மாறவில்லை.

ஒரு நாளில் புளித்துவிடும் கள்ளை ஆண்டுக்கணக்கில் முதிரும் விஸ்கியோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். முதிர்ச்சி ஒரு வழிதான். சுவையின் அடிப்படை தோற்றுவாயை அறிவது. கள்ளுண்ணாமைக்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறதே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மதுவால் சிதைந்த வீடுகள் வன்னியிலும் உண்டு. அதை மறைத்து எவரும் கள்ளைப் புகழக்கூடாது. ஆனால் வெறிக்காகக் குடிப்பவருக்கு எந்த மரமென்பது பொருட்டல்ல. எந்த மரம் என்று கேட்பவர் குடிக்கும் அளவையும் கவனிப்பவராகிறார். மூன்றாவது மறுப்பே நெஞ்சைத் தொடுவது: கள்ளைச் சுவைத்த சமூகம், உயிரைப் பணயம் வைத்து அதை இறக்கியவரைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ஆகவே சீவியவரின் பெயரை விட்டுவிட்டுப் பனையின் சுவையை மட்டும் மெச்சுவது அந்த அநீதியின் தொடர்ச்சியே. கென்டக்கிப் போத்தலில் பீப்பாயின் எண்ணை எழுதுகிறார்கள். இங்கே பனையோடு சீவியவரின் பெயரையும் எழுத வேண்டும். விலையில் உரிய பங்கு அவரைச் சேர வேண்டும்.

வன்னியின் பழைய ஆட்சிப் பிரிவுகளில் ஒன்றான பனங்காமம் தன் பெயரிலேயே பனையைச் சுமக்கிறது. அந்த வன்னியிலேயே உள்நாட்டுப் போரில் எண்ணற்ற பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டன. ஒரு பனை பாளை தள்ளப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். 2009 இல் போர் முடிந்தபின் ஊன்றிய விதை இப்போதுதான் அந்த வயதை எட்டுகிறது. அதன் முதற் கள்ளையும் பெயரில்லாப் பீப்பாயில் ஊற்றிவிடப் போகிறோமா என்பதை, பாளை வெடிக்குமுன் முடிவுசெய்தாக வேண்டும்.