மலிவு விலைக் கார்னர்கள்

மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்க ஃபுட்பால் அணிகள் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். பெரிய விலைகளெல்லாம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே படிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் சில்லறைச் செய்திகள்தான் எனக்கு ருசி. முப்பதைத் தாண்டிய ஒரு கார்னர்பேக், முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனவர், ஓராண்டு ஒப்பந்தம், குறைந்தபட்சச் சம்பளம். ‘ஆபத்தில்லாத பேரம்’ என்று டிவியில் சொல்வார்கள். டெட்ராய்ட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால், யாருக்கு இல்லை என்று வாய் தானாகக் கேட்டுவிடும்.

கார்னர்பேக் என்றதும் கபடி கார்னரை நினைக்க வேண்டாம். அங்கே கைகோத்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் உண்டு. இங்கே மைதானத்தின் ஓரத்தில் தன்னந்தனியாக எதிரணி ரிசீவரைக் காவல் காக்க வேண்டும். ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும், கார்னருக்குத் தெரியாது. பின்பக்கமாக ஓடிக்கொண்டே அவன் இடுப்பைக் கவனித்து, அவன் வேகமெடுத்த நொடியில் தன் இடுப்பைத் திருப்பிக் கூடவே பறக்க வேண்டும். திரும்பும்போது ஓர் எட்டு வீணானால் பந்து போய்ச் சேர்ந்துவிடும். தேர்வாளர்கள் பார்ப்பது இந்தத் திருப்பத்தைத்தான். அடுத்தது 40 கெஜ ஓட்டம், பிறகு கை நீளம். ஆனால் இந்த அளவுகோலுக்குள் அடங்காமல் வாசலில் வந்து நின்றவர்கள்தான் இந்த ஆட்டத்தின் வரலாற்றைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் லயன்ஸ் அணிக்கு 1960 முதல் 1965 வரை ஆடிய டிக் லேன் அவர்களில் மூத்தவர். டெக்சஸின் ஆஸ்டினில் குப்பையோடு வீசப்பட்ட குழந்தையை எல்லா லேன் என்ற பெண்மணி எடுத்து வளர்த்தார். நெப்ராஸ்காவின் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஓராண்டு ஆட்டம், பிறகு நான்கு ஆண்டு ராணுவம், அதன்பின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் எண்ணெய் சொட்டும் உலோகத் தகடுகளைத் தூக்கும் வேலை. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1952இல் 30 சுற்று நடந்தது. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிய நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குள் நேரே நுழைந்து வேலை கேட்டார். ராம்ஸ் அப்போது நடப்புச் சாம்பியன்.

ரிசீவராகத்தான் முதலில் சோதித்தார்கள். அந்த இடத்தில் டாம் ஃபியர்ஸ், எல்ராய் ஹிர்ஷ் என்று இரண்டு மலைகள். தடுப்புப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்த ஆண்டு 12 ஆட்டங்களில் 14 முறை எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்தார். இன்று ஒரு சீசனுக்கு 17 ஆட்டம். இருந்தும் அந்த 14ஐ இதுவரை ஒருவரும் எட்டவில்லை. ஃபியர்ஸ் தன் அறையில் ஓயாமல் போட்ட ‘நைட் டிரெய்ன்’ இசைத்தட்டுதான் லேனுக்குப் பட்டப்பெயர் கொடுத்தது. கழுத்தோடு சேர்த்து ஆளைச் சாய்க்கும் அவருடைய பிடியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

இப்படிப்பட்டவர் ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தார்? 1934 முதல் 1945 வரை இந்த லீகில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. 1946இல் கதவு திறந்த பிறகும் பெரிய பல்கலைக்கழகங்களின் பக்கம் போன தேர்வாளர்கள், கறுப்பின மாணவர்களின் சிறு கல்லூரிகளை எட்டிப் பார்ப்பது அபூர்வம். பார்க்காததைப் பார்த்தவனுக்கு லாபம், அவ்வளவுதான். லூயிசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரியில் எடி ராபின்சன் வளர்த்த வில்லி பிரவுனை 1963இல் யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லை. ஹூஸ்டன் சேர்த்துக்கொண்டு பயிற்சி முகாமிலேயே கழற்றிவிட்டது. டென்வரில் தலையெடுத்து, ஓக்லண்ட் போய், 1984இல் ஹால் ஆஃப் ஃபேமில் அமர்ந்தார்.

அதே கிராம்ப்ளிங்கின் எவர்சன் வால்ஸ் 1981இல் 12 சுற்றுகளிலும் விலைபோகவில்லை. 40 கெஜம் மெதுவாக ஓடினார் என்பதுதான் குறை. டல்லஸ் சேர்த்துக்கொண்டது. முதல் ஆண்டே 11 இன்டர்செப்ஷன், லீகிலேயே அதிகம். அந்தச் சீசனின் அரையிறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் டுவைட் கிளார்க் எம்பிப் பந்தைப் பிடிக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. பின்னால் கை நீட்டி நிற்பவர் வால்ஸ். அதே ஆட்டத்தில் இரண்டு பந்துகளை அவர் பறித்திருந்தார் என்பது படத்தில் தெரியாது!

1978இல் விதி மாறியது. ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவர் மேல் கை வைக்கக் கூடாது. கார்னரின் வேலை கடினமானது, நல்லவர்களுக்கு விலை ஏறியது. 1993இல் ஒப்பந்தம் முடிந்தவர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பெற்றார்கள். மறு ஆண்டு ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 3.46 கோடி டாலர் உச்சவரம்பு வந்தது. ‘ஆபத்தில்லாத பேரம்’ இங்கேதான் கணக்குப் பாடமாகிறது. சேரும்போது கொடுக்கும் போனஸை ஐந்து ஆண்டு வரை பிரித்து எழுதலாம். ஆளை நடுவில் அனுப்பினால் எழுதாத மிச்சம் அணியின் தலையில் வந்து விழும். போனஸே இல்லாத குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் மிச்சம் ஏது? ஆகஸ்டில் ஒரு வரியில் அனுப்பிவிடலாம். முழங்கால் மட்டும் ஆட்டக்காரருடையது.

விலை கொடுத்தால் ஆபத்து போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. 2011இல் பிலடெல்ஃபியா நாம்டி அசோமுகாவை ஐந்து ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்று எடுத்தது. இரண்டே சீசனில் அனுப்பியது. பிறகு சான் பிரான்சிஸ்கோ ஓராண்டுக்கு மலிவாகச் சேர்த்து, மூன்று ஆட்டத்தோடு விடைகொடுத்தது.

2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ இங்கிலாந்து அணியில் ஓராண்டுக்கு 1.2 கோடி டாலர் வாங்கிய டாரெல் ரெவிஸ் இருந்தார். எதிரணியான சியாட்டிலுக்கு வெற்றிக்குத் தேவை ஒரே ஒரு கெஜம், கடிகாரத்தில் 26 நொடி. சியாட்டில் ரிசீவர் கெர்ஸை முட்டி நிறுத்தியவர் பிராண்டன் பிரவுனர். டிராஃப்டில் விலைபோகாமல் கனடா லீகில் நான்கு ஆண்டு ஆடியவர். அவர் முட்டியதால் திறந்த வழியில் பாய்ந்து பந்தைப் பறித்தவர் மால்கம் பட்லர். ஒரு வறுத்த கோழிக் கடையில் வேலை பார்த்தவர், வெஸ்ட் அலபாமா என்ற சிறு கல்லூரிக்காரர், சோதனை முகாமுக்கு வந்து ஒட்டிக்கொண்டவர். அந்த வாரப் பயிற்சியில் இதே ஆட்டமுறையில் ஏமாந்து திட்டு வாங்கியிருந்தார். சம்பளம் 4,20,000 டாலர், புதியவருக்கான குறைந்தபட்சம்.

என் கணக்கில் ஒரு கார்னரை மதிப்பிட வேகம் மூன்றாவது இடம். முதலில் நேற்று ஏமாந்த வழியை இன்று அடையாளம் காண்கிறாரா, அடுத்தது இடுப்பு. இதைச் சோதிக்க அணிக்கு ஒரு கோடை போதும், காசும் அதிகம் ஆகாது.

பட்லரை 2018இல் டென்னசி ஐந்து ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எடுத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் விடுவித்தது. அடுத்த மார்ச்சில் இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், மொத்தத் தொகையை விட்டுவிட்டு உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். ஆபத்து யாருடையது என்பது அந்த ஒரு எண்ணில் இருக்கும்.