மாற்று இணைப்பும் பொதுச் சார்பும்: கணினி வலையமைப்புகளின் இடையறாமை குறித்து

ஓர் இணைப்பு ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்கினால், அது இயங்காத நேரம் ஏறத்தாழ 3.65 நாட்கள். அதே தரமுள்ள இன்னோர் இணைப்பையும் சேர்த்து, ஒன்று அறுந்ததும் போக்குவரத்து மற்றொன்றுக்குத் தானாக மாறும்படி அமைத்தால், இரண்டும் ஒருசேர அற்றுப்போகும் நேரம் ஆண்டுக்கு 53 நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். மாற்று இணைப்புக்குப் பணம் கேட்கும் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் இந்தப் பெருக்கலோடு நின்றுவிடுகின்றன. 1964இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பால் பேரன் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியும், குறைந்தபட்சத் தேவையின் மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே பரவலாக அமைந்த வலையமைப்பு பெருந்தாக்குதலைத் தாங்கும் என்று காட்டியது. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஓர் இணைப்பின் கேடு மற்றதன் கேட்டோடு தொடர்பற்றது என்ற நிபந்தனையின் மேல்தான் அது நிற்கிறது. பெரும் முடக்கங்களை ஆராய்ந்தால், இந்த நிபந்தனை பொய்த்த இடங்களாகவே அவை தென்படுகின்றன. இணைப்புகள் பகிர்ந்துகொள்ளும் பொருள் மண்ணுக்கடியில் இருக்கும்போது நேரும் சேதத்தைவிட, எந்த வழியில் செல்வது என்று தீர்மானிக்கும் பொறியமைப்பில் இருக்கும்போது நேரும் சேதம் பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மண்ணுக்கடிப் பகிர்வுக்கு ஒரு சான்று போதும். 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் தெருச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பற்றியது. பல நிறுவனங்களின் கண்ணாடி இழை வடங்கள் அந்த ஒரே சுரங்கத்தின் வழியே சென்றிருந்ததால் அவை சேர்ந்தே கருகின. இரு நிறுவனங்களிடம் தனித்தனியே கட்டணம் செலுத்துபவர் இரு வழிகளை வாங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது; ரசீது இரண்டாக இருக்கலாம், சுரங்கம் ஒன்றுதான். இத்தகைய பகிர்வை வரைபடம் கேட்டு வாங்கிப் பார்த்தே கண்டறியலாம்.

தீர்மானிக்கும் பொறியமைப்பில் உள்ள பகிர்வு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலையமைப்பு சுமார் ஒன்பது மணி நேரம் தடுமாறியது. நியூயார்க்கில் ஓர் இணைப்பகம் கோளாறு கண்டு தன்னைத்தானே சீரமைத்துக்கொண்டு மீண்டும் பணிக்குத் திரும்பியது. அதன் அறிகுறியாக அது அனுப்பிய செய்திகளைக் கையாளும் மென்பொருளில் ஒரு பிழை இருந்ததால், அண்டை இணைப்பகங்கள் தம்மைச் சீரமைக்கத் தொடங்கின. அவை திரும்பி வந்தபோது அடுத்தவற்றை வீழ்த்தின. 114 இணைப்பகங்களிலும் இருந்தது அதே மென்பொருள். அறுந்த கம்பி ஒன்றுமில்லை. மீட்சிக்கென்று வைத்த ஏற்பாடே நோயைச் சுமந்து சென்றது. 31 ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தரவு மையத்தை எட்ட முடியாவிட்டால் தன் முகவரி அறிவிப்பை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது, தளங்களின் முகவரியைக் கண்டுசொல்லும் பெயர்ச் சேவையகங்களுக்கு இடப்பட்டிருந்த விதி. ஓரிடம் மட்டும் கெடும்போது அது மிக நல்ல விதி, ஏனென்றால் பயனர்கள் நலமான வேறிடத்துக்குச் செல்வார்கள். அன்று எல்லாச் சேவையகங்களும் ஒரே நேரத்தில் தம்மை நலமற்றவை என்று கருதி விலகிக்கொண்டதால், அந்நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இணையத்திலிருந்து மறைந்தன.

இவற்றை வணிக இழப்பு என்று கடந்துவிட முடியாதபடி செய்தது கனடாவின் அனுபவம். 2022 ஜூலை 8 அன்று ராஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதும், வழித்தடத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரவுட்டர்களை முடக்கின. கைபேசிக்கும் கம்பிவழி இணையத்துக்கும் மையம் ஒன்றே என்பதால், 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தனர். பழுது பார்ப்பதற்கான நிர்வாக வலையமைப்பும் அதே மையத்தை நம்பியிருந்ததால் மீட்புப் பணியும் தாமதமானது. இதைவிட வேதனையானது அவசர அழைப்புகளின் கதி. கோபுரங்களின் வானொலிச் சைகை உயிரோடு இருந்ததால், பல கைபேசிகள் தமக்கு இணைப்பு இருப்பதாகவே நம்பி, வேறு நிறுவனத்தின் கோபுரத்தைத் தேடவில்லை. 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் தொலைத்தொடர்பு வலையமைப்பு முடங்கியபோதும் 2,145 பேரால் அவசர எண்ணை எட்ட முடியவில்லை. முழுதாக இறந்த இணைப்பைக் கண்டறிவது எளிது. பாதி இறந்த இணைப்பே உயிரைப் பறிக்கக்கூடியது. மாற்று வழி பக்கத்திலேயே இருந்தும், மாற வேண்டும் என்று சொல்ல ஆளில்லாத நிலை அது.

அப்படியானால் தானியங்கி மாற்றத்தைக் கைவிட்டு மனிதரிடம் விட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். ரவுட்டர்கள் ஒரு விநாடிக்குள் கண்டு விலகும் பழுதை மனிதர் கண்டுகொள்ளவே பல நிமிடங்கள் ஆகும். நாள்தோறும் சத்தமில்லாமல் நடந்து முடியும் எண்ணற்ற மாற்றங்களை யாரும் செய்தியாக்குவதில்லை. எதை மாற்றுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. தரவுப் பொட்டலங்களின் வழியை மாற்றினால், தவறென்று தெரிந்ததும் திருப்பிக்கொள்ளலாம். தரவு எழுதப்படும் இடத்தை மாற்றினால் அது முடியாது. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் நிறுவனத்தில் 43 விநாடித் துண்டிப்பின்போது, தானியங்கி மென்பொருள் முதன்மைத் தரவுத்தளத்தை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றியது. கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்கை அடைந்திருக்கவில்லை; மேற்கிலோ புதியவை எழுதப்பட்டுவிட்டன. இதனால் சேவையை முழுமையாக மீட்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. எதுவும் செய்யாமல் 43 விநாடி பொறுத்திருந்தால் இழப்பும் அந்த அளவிலேயே நின்றிருக்கும். பின்னர் அந்நிறுவனம் வட்டார எல்லை தாண்டித் தானாக மாறுவதைத் தடுத்தது சரியான முடிவு.

செலவைச் சுட்டும் மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரு சிறு மருத்துவமனையோ கூட்டுறவு வங்கியோ இரண்டு இணைப்பு வைப்பதே பெரும்பாடு; ஒன்றையொன்று சாராத இணைப்புகளை எப்படி வாங்கும்? அவற்றின் அன்றாடப் பழுதுகளில் பெரும்பகுதிக்கு அந்த இரண்டே போதும் என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு நிறுவனத்திடம் இரண்டு இழை வடம் வாங்குவதைவிட, ஒரு வடமும் வேறு நிறுவனத்தின் கைபேசி இணைப்பும் வாங்குவது பெரும்பாலும் மலிவு, பகிர்வும் குறைவு. இணைப்பு நலமா என்று அறியப் பக்கத்து ரவுட்டரைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், உண்மையான சேவை ஒன்று கடைசிவரை எட்டுகிறதா என்று சோதிப்பதற்குக் கூடுதல் கருவி தேவையில்லை. நாடளாவிய நிறுவனங்களுக்கோ செலவு ஒரு விடையாகாது. ராஜர்ஸ் முடக்கத்துக்குப் பின், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நெருக்கடியில் ஒன்றுக்கொன்று உதவவும், அவசர அழைப்புகளைத் தாங்கவும் உடன்பாடு செய்துகொண்டன. அரசு வற்புறுத்திய பிறகே அது நடந்தது. ஆகவே உரிமம் வழங்கும் அமைப்புகள் எத்தனை இணைப்பு என்று கேட்பதோடு, அவை எந்தச் சுரங்கத்தையும் எந்த மென்பொருளையும் எந்த நிர்வாக வலையமைப்பையும் பகிர்கின்றன என்றும் எழுத்தில் கேட்க வேண்டும். மையம் செயலிழந்தால் கோபுரங்கள் தம் சைகையை நிறுத்தி, கைபேசிகளை அடுத்த வலையமைப்புக்கு விடுவிக்கின்றனவா என்பதை ஆண்டுதோறும் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.